கண்ணுக்கு மஞ்சள் சொட்டும் நீல வெளிச்சமும்

கண் டொக்டர் கெரட்டோகோனஸ் என்று சொல்லி, கிராஸ்லிங்கிங் என்ற சிகிச்சை செய்யச் சொல்லியிருந்தால் இது உங்களுக்கு உதவும். கண்ணின் முன்பக்கத்து ஒளிபுகும் படையான கோர்னியா மெலிந்து, கூம்பாக முன்தள்ளும் வருத்தம் இது. எனக்கு இரவில் எதிரே வரும் பஸ் லைட்டெல்லாம் வால் முளைத்துத் தெரிந்தது. கண்ணாடி நம்பரும் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

அம்மா எங்கள் ஊர் உப்புவெளி முழுக்க "தம்பிக்கு லேசர் அடிக்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டா. கிராஸ்லிங்கிங்கில் லேசரே இல்லை. விற்றமின் பி2, அதுதான் ரைபோபிளேவின், சொட்டாக விட்டு, அதன்மேல் 365 நானோமீற்றர் புறஊதா ஒளியைப் பாய்ச்சுவார்கள். ஒளி பட்ட ரைபோபிளேவின் ஒட்சிசனைத் தூண்ட, கோர்னியாவின் கொலாஜன் புரத இழைகளுக்கிடையே புதுப் பிணைப்புகள் விழுந்து படை இறுகும். ஜேர்மனியின் டிரெஸ்டனில் உருவான முறை. நோயாளிகளில் கண்ட முடிவுகள் 2003இல் வெளிவந்தன. அமெரிக்கா அனுமதித்தது 2016இல்தான்.

இரவு ரயிலில் கொழும்பு. ஸ்கானில் முதலில் பார்ப்பது கோர்னியாவின் தடிப்பு. 400 மைக்ரோனுக்குக் குறைந்தால் வழமையான முறையில் செய்யமாட்டார்கள். ஒளி இறங்கிப் பின்பக்கக் கலங்களைக் கெடுத்துவிடும், அவை திரும்ப வளராது. நான் தப்பினேன்.

விறைப்புச் சொட்டு விட்டு, கோர்னியாவின் மேற்தோலைச் சுரண்டி எடுத்தார்கள். நோகவில்லை, சுரண்டுவது மட்டும் தெரிந்தது. பிறகு அரைமணிநேரம் மஞ்சள் சொட்டு. அடுத்த அரைமணிநேரம் அந்த வெளிச்சத்தையே பார்த்தபடி கிடக்க வேண்டும். அப்போதும் சொட்டு விட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த மஞ்சள்தான் ஒளியை உறிஞ்சி, உள்ளேயிருக்கும் விழித்திரையைக் காக்கிறதாம். ஒரு பாட்டாவது போட்டுவிட்டிருக்கலாம்.

நோவு அன்றிரவுதான் தொடங்கியது. கண்ணில் மண் கொட்டிய மாதிரி எரிவு, நிற்காத கண்ணீர். சுரண்டிய இடத்தை மூடிப் போட்டுவிடும் பண்டேஜ் லென்ஸைக் கழற்றும்வரை கொழும்பில் தங்க ஒரு இடம் பார்த்துவையுங்கள். எனக்குச் சித்தி வீடு இருந்தது, அதுவும் திரை போட்ட அறையோடு.

பார்வை கூடும் என்று நம்பிப் போகாதீர்கள். மேலும் கெடாமல் நிறுத்தத்தான் இது. முதல் வாரங்களில் எல்லாம் பனிப்புகார் மூடியதுபோல மங்கும், தெளிய மாதங்கள் எடுக்கும். எனக்கு இன்னமும் கடின லென்ஸ் வேண்டும். "அப்ப இவ்வளவு காசு என்னத்துக்கு?" என்று அம்மா கேட்டா. அடுத்தடுத்த ஸ்கான்களில் கூம்பு கூடவில்லை என்று காட்டினேன், அரைமனதோடு தலையாட்டினா.

கச்சான் காற்று தொடங்கினால் கண் கடிக்கும், கசக்கக் கூடாது. அலர்ஜிச் சொட்டு வாங்கி வைத்திருக்கிறேன். மற்றக் கண்ணுக்குச் சித்திரைக்குப் பிறகு ஸ்கான்.