அந்த 14 கோரும் இந்த 14 கோரும்

பழைய சர்வர் ப்ராசஸர் ஒன்றை வாங்கி வீட்டில் ஒரு மெஷின் கட்டலாமா, லேப்டாப்பை விட வேகமாக இருக்கும்தானே என்று நண்பர்கள் அவ்வப்போது கேட்கிறார்கள். ஆசை வருவது நியாயம்தான். இன்டெல்லின் ஜியான் இ5-2680 வி4, 2016-ல் வந்தபோது 1,745 டாலர். டேட்டா சென்டர்கள் கழித்துக் கட்டிய அதே சில்லு இப்போது செகண்ட் ஹேண்டில் ஒரு சுமாரான கீபோர்டு விலைக்குக் கிடைக்கிறது. 14 கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி), 28 திரெட் (ஒரு கோர் ஒரே நேரத்தில் ஏற்கும் வேலை வரிசை, இதில் கோருக்கு இரண்டு), 35 எம்பி கேஷ் (சில்லுக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்). கேட்கவே கை பரபரக்கும்.

என்னிடம் அந்த ஜியான் போட்ட டெஸ்க்டாப் ஒன்றும், கோர் ஐ7-12700எச் போட்ட லேப்டாப் ஒன்றும் இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், 2022-ல் வந்த இந்த லேப்டாப் சில்லிலும் 14 கோர்தான். ஆனால் எல்லாம் ஒரே மாதிரி கிடையாது: 6 பெரிய கோர், 8 சின்ன கோர், பெரியவற்றுக்கு மட்டும் இரண்டிரண்டு திரெட், ஆக மொத்தம் 20. இன்னொரு பொருத்தமும் உண்டு. ஜியான் நான்கு சேனலில் (ரேமுக்கும் ப்ராசஸருக்கும் இடையிலான பாதை) டிடிஆர்4-2400 ரேம் போடும், லேப்டாப் இரண்டு சேனலில் டிடிஆர்5-4800. கணக்குப் போட்டால் இரண்டுக்கும் உச்சம் நொடிக்கு 76.8 ஜிபி. ஆறு வருஷத்தில் சர்வரின் ரேம் வேகம் மடிக்கு வந்துவிட்டது.

சரி, வேகத்துக்கு வருவோம். ஒரு பெரிய சிஎஸ்வி கோப்பை வரிவரியாகப் படித்து, கணக்கு பார்த்து, இன்னொரு கோப்பாக எழுதும் சாதாரண பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்றை ஜியானில் ஓடவிட்டு, ஒவ்வொரு திரெட்டின் வேலையையும் பட்டையாகக் காட்டும் எச்டாப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துப் பாருங்கள். இந்த மாதிரி ஸ்கிரிப்ட் ஒரே ஒரு திரெட்டில்தான் ஓடும். 28 பட்டைகளில் ஒன்றே ஒன்று 100 சதவீதத்தில் நிற்கும், மற்ற 27 பட்டைகளும் சும்மா கிடக்கும். எப்போதாவது லினக்ஸ் அந்த வேலையை வேறு கோருக்குத் தூக்கிப்போடும், நிறைந்த பட்டை இடம் மாறும், அவ்வளவுதான் நடமாட்டம். ஃபேன் சத்தம்கூட மாறாது. அதே ஸ்கிரிப்ட் லேப்டாப்பில் ஏறக்குறைய பாதி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஜியானின் உச்ச வேகம் (டர்போ) 3.3 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 330 கோடிச் சுழற்சி, லேப்டாப்புக்கு 4.7. இந்த வித்தியாசம் ஒன்றரை மடங்குகூட இல்லை, மிச்சம் எங்கிருந்து வந்தது என்றால், ஒரு சுழற்சிக்குள் எவ்வளவு வேலை முடிகிறது என்பதில். ஜியானில் இருக்கும் பழைய கோர் (பிராட்வெல் தலைமுறை) ஒரு சுழற்சியில் நான்கு இன்ஸ்ட்ரக்ஷன் வரை பிரித்துப் படிக்கும், லேப்டாப்பின் பெரிய கோர் ஆறு வரை.

பழைய சில்லு என்பதால் மட்டும் இப்படி இல்லை. ஏஎம்டியின் சர்வர் சில்லான எபிக் 9654 அதே 2022-ல் வந்தது, 96 கோர், 360 வாட். வகுத்துப் பார்த்தால் ஒரு கோருக்கு நாலு வாட்கூடத் தேறாது. கிகாஹெர்ட்ஸை ஏற்ற வோல்டேஜையும் ஏற்ற வேண்டும், மின்சாரச் செலவோ வோல்டேஜின் வர்க்கத்தில் ஏறும், அதனால் 96 பேருக்கும் பங்கு வைக்கும்போது ஒவ்வொருவரும் கொஞ்சம் மெதுவாக ஓடுவதுதான் லாபம். உச்சத்தில் 3.7 கிகாஹெர்ட்ஸ். லேப்டாப்பில் ஒரே ஒரு கோர் மட்டும் மூச்சைப் பிடித்து ஓடும்போது, இருக்கிற வாட்டில் பெரும்பங்கை அதற்கே கொட்டலாம். (5 கிகாஹெர்ட்ஸ் தொடும் எபிக் 9575எஃப் மாதிரி விதிவிலக்குகள் உண்டு. அதன் விலையைப் பார்த்துவிட்டு யாரும் வீட்டுக்கு வாங்கப்போவதில்லை.)

எல்லாக் கோரும் சேர்ந்து ஓடும் வேலையில் கதை மாறும். லினக்ஸ் கெர்னலைக் கம்பைல் செய்ய (அதன் மூல நிரலை ஓடும் நிரலாக மாற்ற) சொன்னால் லேப்டாப் முதலில் சீறிக்கொண்டு கிளம்பும், ஏனென்றால் அந்தச் சில்லுக்கு 115 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. ஆனால் அது கொஞ்ச நேரத்துக்குத்தான். அப்புறம் அடிப்படை அளவான 45 வாட்டுக்கோ, தயாரித்தவர்கள் வைத்த வேறு எல்லைக்கோ இறங்கும். சென்னையில் மே மாத மதியம் என்றால் அதற்கு முன்பே சூடு தாங்காமல் இறங்கும். ப்ராசஸர் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையை வழக்கமாகப் பத்து நிமிடம் ஓடும்படி வைத்திருப்பதே இந்த ஆரம்ப வேகத்தில் ஏமாறாமல் இருக்கத்தான். 120 வாட் ஜியான் அந்த மாதிரி நாடகம் எதுவும் ஆடாது. தலையில் ஒரு நல்ல கூலர் இருந்தால் முதல் நிமிடத்தில் ஓடிய வேகத்திலேயே மறுநாள் காலையிலும் ஓடிக்கொண்டிருக்கும். நீண்ட வேலைகளில் என் இரண்டு மெஷின்களும் கிட்டத்தட்டப் பக்கத்தில் பக்கத்தில் வந்து முடிக்கின்றன.

ஆனால் முழுக்க முழுக்கப் பிரித்துக் கொடுக்கக்கூடிய வேலை என்பது ரொம்பக் குறைவு. கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967-லேயே சொல்லிவிட்டார்: வேலையில் பத்தில் ஒரு பங்கைப் பிரிக்க முடியாது என்றால், 14 கோர் போட்டாலும் ஆறு மடங்குதான் வேகம் கூடும், ஆயிரம் கோர் போட்டாலும் பத்தைத் தாண்டாது. பிரிக்க முடியாத அந்தப் பங்கை ஒற்றைக் கோர்தான் இழுத்தாக வேண்டும், சர்வர் சில்லு பின்தங்குவதும் அங்கேதான்.

கிளவுடில் 4 விசிபியு (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் ப்ராசஸர்) எடுத்தேன், என் லேப்டாப்பை விட மந்தமாக இருக்கிறதே என்று புலம்புகிறவர்களுக்கும் இதில் பாதி பதில் இருக்கிறது. மீதிப் பாதி: இன்டெல், ஏஎம்டி சில்லுகளில் பெரும்பாலும் ஒரு விசிபியு என்பது ஒரு திரெட், கோர் அல்ல. நான்கு விசிபியு எடுத்தால் கையில் இருப்பது இரண்டு கோர். அமேசானின் சொந்தச் சில்லான கிராவிடானில் ஒரு விசிபியு ஒரு முழுக் கோர், அதனால் எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிடாதீர்கள்.

அப்படியானால் அந்த ஜியான் எதற்கு? என்னைக் கேட்டால் ரேமுக்காக. லேப்டாப் சில்லு 64 ஜிபியோடு நின்றுவிடும், ஜியான் 1.5 டிபி வரை ஏற்கும். பிழை திருத்தும் இசிசி ரேமும் போடலாம், ஒரு பிட் புரண்டால் அதுவே சரிசெய்துகொள்ளும். ஏழெட்டு வர்ச்சுவல் மெஷின்களை ஒன்றாக ஓடவிட்டு, டேட்டாபேஸ் ஒன்றை ரேமிலேயே உட்காரவைக்க ஆசைப்படுகிறவர் தாராளமாக வாங்கலாம். கரண்ட் பில்லையும் பார்த்துக்கொள்ளுங்கள்: சும்மா இருக்கும்போதே 80 வாட் இழுக்கிறது என்று வைத்தால், நாள் முழுக்க ஓடும் மெஷினுக்கு இரண்டு மாதத்தில் 115 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை இது ஒன்றே தின்றுவிடும்.

இன்னொன்று. வாங்கும்போது ரேமை ஒரே குச்சியாக வாங்காதீர்கள். போர்டும் ப்ராசஸரும் 32 ஜிபி ஒற்றைக் குச்சியும் சேர்த்து காம்போ என்று விற்பார்கள். நான்கு சேனலில் ஒன்றில் மட்டும் ரேம் இருந்தால் நொடிக்கு 76.8 ஜிபி என்ற அந்த வேகம் அப்படியே 19.2 ஆகிவிடும். நான்கு 8 ஜிபி குச்சி கேட்டு வாங்குங்கள், போர்டில் நிஜமாகவே நான்கு சேனல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மலிவுப் போர்டு சிலவற்றில் இரண்டுதான் இருக்கும்.