விரிந்தால் கழிவு

நுவரெலியாவுக்குக் கீழே ஒரு கார்னேஷன் பூப் பண்ணையில் மூன்று வருடம் பெட்டி அடுக்கினேன். அம்மா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தார். அவருக்குக் கிலோ கணக்கு, எனக்குக் கட்டுக் கணக்கு. கட்டுக்கு 20 தண்டு, தலையெல்லாம் ஒரே மட்டம்.

இதழ் பச்சைக் கூட்டை விட்டுக் கொஞ்சம் எட்டிப்பார்த்து, பெயின்ட் பிரஷ் நுனி மாதிரி நிற்கும்போதே வெட்டிவிட வேண்டும். விரிந்த பூ பெட்டிக்குள் நசுங்கும், இடத்தையும் அடைக்கும். இடம் என்றால் காசு. விமானச் சரக்கில் பெட்டியின் அளவையும் எடையாக மாற்றுவார்கள், 6000 கன சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோ என்று. அதுவா, தராசு காட்டுவதா, எது கூடவோ அதற்குத்தான் கட்டணம். பூவில் பெரும்பாலும் அளவுதான் ஜெயிக்கும். அதனால் தலைகளை இரண்டு ஓரத்திலும் வைத்து, தண்டுகளை நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி அடுக்குவோம்.

அதற்கு முன்னால் வெள்ளைத் தாளின் மேல் கட்டைக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்க வேண்டும். கமா அளவு கூட இல்லாத இலைப்பேன் பூச்சி ஒன்று விழுந்தாலும் கட்டு ஒதுங்கிவிடும். கட்டுநாயக்க விமான நிலையத்தில் தாவரத் தடுப்புக்காப்பு அதிகாரி கண்ணில் அது பட்டால் பெட்டி விமானம் ஏறாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மத்தியானத்துக்கு என்று இரண்டு வாழைப்பழத்தைக் கூல் ரூம் மூலையில் வைத்துவிட்டேன். சுப்பவைசர் அக்கா பையோடு தூக்கி வெளியே போட்டார். "பழம் மூச்சு விட்டா பூ தூங்கிரும்." சிரிப்பு வந்தது. ஆனால் விஷயம் நிஜம். பழுக்கும் பழம் எத்திலீன் வாயு விடும், அது பட்டால் கார்னேஷன் இதழை உள்ளே சுருட்டிக்கொள்ளும், அப்புறம் விரியாது. அதைத் தடுக்கத்தான் வெட்டியவுடன் வெள்ளிக் கரைசலில் நிறுத்துகிறோம். அதையும் மீறி ஒருமுறை சுருண்ட பூக்களின் படம் வெளிநாட்டிலிருந்து வந்தது. லொறி இறம்பொடை இறங்கிப் போகும் வழியில் கம்பளையில் வாழைக்குலை ஏற்றியதாகப் பேச்சு. டிரைவர் அண்ணன் சத்தியம் பண்ணினார். எங்கள் மேசையைத்தான் முதலில் திட்டினார்கள், வழக்கம்போல.

கூடு வெடித்த பூவும் வெட்டத் தாமதமான பூவும் கழிவு வாளிக்குப் போகும். பொழுது சாய்ந்ததும் ஆளுக்கு ஒரு பிடி எடுத்துக்கொள்வோம். லயத்தில், அதாவது எங்கள் தோட்டத்து வரிசை வீட்டில், அம்மா அதை ஹோர்லிக்ஸ் போத்தலில் வைப்பார். பத்து நாள் போயும் வாடாது. ஒருநாள் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"நல்லாத்தானே இருக்கு, இதை ஏன் கழிச்சாங்க?"

"விரிஞ்சிருச்சும்மா, அதான்."