கெல்சன்கியர்சன், ஒரு TDK கசற், ஏஜென்ட் ஒரேஞ்ச்

ஜெர்மனியில எங்கட சனம் கூட இருக்கிறது ரூர் பக்கம்தான், எஸ்ஸன், போஹும், டோர்ட்முண்ட், கெல்சன்கியர்சன் எண்டு ஒண்டோட ஒண்டு ஒட்டின ஊருகள், எது எங்க முடியுது எண்டு வந்த புதுசில ஒருத்தருக்கும் விளங்காது. அதே ஊருகளிலதான் ஜெர்மன் த்ராஷ் மெட்டலும் வளந்தது, கிற்றாரும் ட்ரம்ஸும் வேகமா இரையிற ஒருவகை ரொக் இசை. கிரியேற்றர் எண்ட பாண்ட் எஸ்ஸன் பெடியள், சோடம் எண்ட பாண்ட் கெல்சன்கியர்சன் பெடியள். இதை நான் எங்கட ஆக்களிட்ட சொன்னா "உந்தக் காட்டுக் கத்தலோ" எண்டுட்டுப் போயிடுவினம்.

நான் 90 கடைசியில வந்தனான். முதல் ஹைம், அதாவது அகதியள் தங்கிற விடுதி, ஒரு அறைக்குள்ள நாலு பேர், வேலை செய்ய விடமாட்டினம், சிற்றி எல்லை தாண்டுறதெண்டா வெளிநாட்டார் கந்தோரில எழுதி வாங்கோணும். அடுத்த வருசம் அந்த வேலைத்தடையை எடுத்தவுடன கன பேர் போன இடத்துக்குத்தான் நானும் போனனான், ரெஸ்ரோறன்ற் குசினி, தட்டுக் கழுவுற வேலை. அங்க சலாட் வெட்டுறவன் என்ர வயசுதான், முதுகு வரைக்கும் தலைமயிர், முதுகு முழுக்க பாண்ட் பேர் தைச்ச கையில்லாத ஜீன்ஸ் ஜக்கெற், அதைக் குசினிக் கதவுக்குப் பின்னால கோவில் சால்வை மாதிரிப் பவுத்திரமாக் கொழுவி வைப்பான். அவன் தந்ததுதான் அந்தக் கசற், TDK 90. ஒரு பக்கம் சோடமின்ர ஏஜென்ட் ஒரேஞ்ச், மற்றப் பக்கம் கிரியேற்றரின்ர எக்ஸ்ட்ரீம் அக்ரெஷன், ரெண்டும் 1989ல வந்தது. எனக்கு அப்ப ஜெர்மன் ஓடாது, அவனுக்கு இங்கிலிஷ் அரைகுறை, ஆனா ரெண்டு பேருக்கும் இடையில கதைக்க ஒரு விசயம் வந்திட்டுது.

முதல் பாட்டுத்தான் ஆல்பத்தின்ர பேர். ஏஜென்ட் ஒரேஞ்ச் எண்டது வியட்நாம் காடுகளில இலை கொட்டுறதுக்கு அமெரிக்கன் பிளேனால விசிறின நஞ்சு, பீப்பாயில செம்மஞ்சள் கோடு போட்டிருந்ததால வந்த பேர், அதில இருந்த டயொக்சின் பிறகு பிறந்த பிள்ளையள் வரைக்கும் போனது. கெல்சன்கியர்சனில நிலக்கரி வெட்டின ஒரு பெடியனுக்கு வியட்நாமில என்ன அலுவல் எண்டு ஆரும் கேக்கலாம். பாடுறதும் பேஸ் வாசிக்கிறதும் டொம் ஏஞ்சல்றிப்பர், உண்மையாவே சுரங்கத்துக்குள்ள இறங்கி வேலை செய்த ஆள், பிறகுதான் பாட்டே தொழிலாப் போச்சு. இந்த ஆல்பம் ஜெர்மன் சார்ட்டுக்குள்ளயும் போனது, அந்தக் காலத்தில த்ராஷுக்கு அது பெரிய விசயம்.

என்னைப் பிடிச்சது மஜிக் ட்றாகன் எண்ட பாட்டு. ஏதோ பிள்ளையளின்ர கதை எண்டு நினைச்சனான், சலாட் வெட்டுறவன்தான் கையால பிளேன் மாதிரிக் காட்டி விளங்கப்படுத்தினவன், அது வியட்நாமில பறந்த ஏசி-47 எண்ட பிளேனுக்கு அமெரிக்கன் ஆமி வைச்ச பட்டப்பேர், பழைய சாமான் ஏத்திற பிளேனின்ர ஒரு பக்கத்தில மிஷின் கன் பூட்டி வட்டமடிச்சு வட்டமடிச்சுக் கீழ அடிக்கிறது. அவன் கையச் சுத்திக் காட்டக் காட்ட எனக்குத் தலைக்குள்ள வேற ஒண்டு சுத்துது. 90ல யாழ்ப்பாணத்தில இருந்தாக்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஹெலி மேல சுத்திச் சுத்தி அடிக்கிறதும் அவ்றோப் பிளேனில இருந்து குண்டை உருட்டி விடுறதும் சியாமாசெட்டிப் பிளேன் குத்தேக்க வாற சத்தமும், பிளேனைக் காண முதலே சத்தத்தை வைச்சு எது எண்டு சின்னப் பெடியளே சொல்லுவாங்கள். அதுக்கு நான் ஒரு பதிலும் சொல்லேல்ல, சொல்ல ஜெர்மனும் இல்லை.

யுத்தத்தைப் பற்றிப் பாட்டு எண்டா எங்களுக்கு எழுச்சிப் பாட்டு, இல்லாட்டி அழுகைப் பாட்டு. இது ரெண்டிலயும் சேராது. வீரம் எண்டு ஒண்டும் இல்லை, கண்ணீரும் இல்லை, சத்தமும் அவசரமும் மட்டும். சோடமின்ர கிறிஸ் விச்ஹண்டர் ட்ரம்ஸ் அடிக்கிறது மற்ற பாண்ட்காரர் மாதிரி மணிக்கூட்டுச் சுத்தம் இல்லை, அங்கங்க முந்திக்கொண்டு ஓடும், விழப்போறார் எண்டு நினைக்கேக்க பிடிச்சு நிப்பார், நுணுக்கம் தெரிஞ்சாக்கள் உதைக் குறை எண்டுவினம், எனக்கு உதுதான் உயிர். அதுக்கு மேல ஃபிராங்க் பிளாக்ஃபயரின்ர கிற்றார், அந்தாள் 87ல வந்து சேந்த பிறகுதான் சோடம் வெறும் இரைச்சலில இருந்து ஒழுங்கான பாட்டுக்கு வந்தது எண்டது என்ர அபிப்பிராயம். ரயர்ட் அண்ட் ரெட் பாட்டைக் கேட்டுப் பாருங்கோ, நடுவில எல்லாம் அடங்கி அக்குஸ்ரிக் கிற்றார் மட்டும் கொஞ்சநேரம் போகும், பிறகு ஒரேயடியா மேல வந்து விழும். ஹறிஸ் ஜோன்ஸ் எண்டவர்தான் புரடியூசர், கிரியேற்றரின்ர 86ல வந்த பிளெஷர் டு கில்லும் அவர் செய்ததுதான், ஆனா அது சேத்துக்குள்ள நிண்டு கேக்கிற மாதிரி இருக்கும், இதில ஒவ்வொரு வாத்தியமும் வடிவாத் தெரியும்.

ஒருநாள் வேலை முடிஞ்சு தன்ர கூட்டாளியள் பாண்ட் பழகுற இடத்துக்கு வா எண்டான். போய்ப் பாத்தா ஜன்னல் இல்லாத ஒரு கொங்கிறீட் பெட்டி, வீடுகளுக்கு நடுவில அஞ்சு மாடி உயரத்துக்கு நிக்குது. ரெண்டாம் உலக யுத்தத்தில சனம் ஒளிச்சிருந்த பங்கராம், உடைக்கிறது செலவு எண்டு விட்டிட்டு இப்ப அறை அறையா பாண்டுகளுக்கு வாடகைக்குக் குடுக்கினம், இந்தப் பக்கத்தில அப்பிடி எத்தினையோ இருக்கு. சுவர் என்ர ரெண்டு கையையும் விரிச்சாலும் காணாத தடிப்பு. எங்கட பங்கர் பனங்குத்தியும் மண்மூட்டையும், மழை பெய்தா முழங்கால் தண்ணி, பாம்பு வேற, உள்ளுக்க போனாக்கள் மூச்சு விடவும் பயந்துகொண்டு இருப்பினம். இஞ்ச பங்கருக்குள்ள சுவரெல்லாம் பழைய கார்ப்பெற் அடிச்சு, பியர்ப் பெட்டிக்கு மேல அம்பிளிஃபயர் வைச்சு, வெளியால கேக்காது எண்ட துணிவில நாலு பெடியள் குளறுறாங்கள். எனக்கு முதல் கொஞ்சம் உடம்பு விறைச்சுப் போச்சு, வாசல் எங்க எண்டுதான் கண் தேடினது, பிறகு ஒருத்தன் ஒரு பியரைக் கையில தந்து ட்ரம்ஸுக்குப் பக்கத்தில ஒரு ஸ்ரூலில இருத்திப்போட்டான், நெஞ்சுக்குள்ள இடிக்குது, ரெண்டு மணித்தியாலம் இருந்தனான்.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கதான். குசினி ஜெர்மன் இல்லாத ஜெர்மன் நான் பழகினது அந்த அறையில. ஆல்பத்தில இங்கிலிஷில வாற அவுஸ்கெபொம்ப்ட் பாட்டை சோடம்காரர் ஜெர்மனிலயும் பாடி வெளியிட்டவங்கள், டி எர்ஸ்ரே பாண்டின்ர பேலா பே அதில சேந்து பாடுவார், சொல்லுகள் சுகம், நான் முழுசாப் பாடமாக்கின முதல் ஜெர்மன் பாட்டு அதுதான். எஸ்ஸன் அல்ரன்எஸ்ஸனில ஸெஹ கார்ல் எண்டு பழைய சுரங்கக் கட்டடத்தில கச்சேரி நடக்கும், நூற்றி ஏழாம் நம்பர் ட்ராமில ஏறினா எஸ்ஸன் பக்கத்தில கொண்டுபோய் விடும், ஆனா ட்ராம் சிற்றி எல்லை தாண்டுது, எனக்குத் தாண்ட அனுமதி இல்லை. கந்தோரில காரணம் கேட்ட இடத்தில "இசை நிகழ்ச்சி" எண்டு எழுதினனான், அந்த மனிசி என்ன பரதநாட்டியமோ எண்டு கேட்டுச் சிரிச்சுக்கொண்டு சீல் அடிச்சுத் தந்தது.

இப்ப விசாப் பிரச்சினை எல்லாம் எப்பவோ முடிஞ்சுது, சுரங்கங்களும் முடிஞ்சுது, கடைசிக் கல்லுக்கரிச் சுரங்கம் பொட்ரொப்பில 2018 டிசம்பரில மூடினவங்கள். அதே வருசம் பிளாக்ஃபயர் திரும்ப சோடமுக்கு வந்தார். விச்ஹண்டர் 2008லயே செத்துப்போனார். கெல்சன்கியர்சனில நோர்ட்ஸ்ரேர்ன் எண்ட பழைய சுரங்கத்துக் காணியில கால்வாய்க் கரையில ஒரு திறந்தவெளி அரங்கு இருக்கு, ரொக் ஹார்ட் எண்ட மெட்டல் இசைத் திருவிழா பெந்தகொஸ்து லீவுக்கு அங்கதான் நடக்கிறது. ஹம் எண்ட ஊரில இருக்கிற காமாட்சி அம்மன் கோவில் தேரும் கிட்டத்தட்ட அந்தக் காலத்திலதான் வரும், அதால வீட்டில வருசா வருசம் ஒரு பேச்சுவார்த்தை நடக்கும். மனிசி ஒரே சொல்லில முடிச்சுப்போடும்: "தேருக்குப் போட்டு எங்கயெண்டாலும் போங்கோ."

புதுசாக் கேக்கிறாக்கள் முதல் பாட்டில இருந்து தொடங்க வேண்டாம், பயந்து நிப்பாட்டிப் போடுவியள். ரயர்ட் அண்ட் ரெட், பிறகு ரிமெம்பர் த ஃபோலன், அது கொஞ்சம் ஆறுதலாப் போற பாட்டு, பிறகு மஜிக் ட்றாகன். கடைசியில வாற டோன்ட் வோக் அவே அவங்களின்ர சொந்தப் பாட்டில்லை, டாங்க் எண்ட இங்கிலாந்து பாண்டின்ரது, அதை விட்டாலும் ஒண்டும் குறையாது.