தெமோதரை வளைவில் ஒரு ரயில் விட்டேன்

இலங்கையில் பதுளைக்குப் போகும் மலை ரயில் பாதையில், ரயில் மலையைச் சுற்றி இறங்கி, தான் நின்ற ஸ்டேஷனுக்கு அடியிலேயே போகும் இடம்தான் தெமோதரை வளைவு. அதைக் கரும்பலகையில் மூன்று தடவை வரைந்தும் என் தரம் 9 பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. "ஸ்டேஷன்ல நின்ன ரயில் அதே ஸ்டேஷனுக்கு அடியில எப்படி டீச்சர் போகும்?" என்று பின் வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள். பதுளைக்கு அந்த ரயிலிலேயே போய் வந்த பிள்ளைதான். ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு ரயில் மலையைச் சுற்றுவது எங்கே தெரிகிறது? மேலிருந்து பார்த்தால்தான் புரியும். அன்றிரவே பவர்பொயின்டைத் திறந்தேன்.

மலை, ஸ்டேஷன், தண்டவாளம் எல்லாவற்றையும் வரைந்து, ஒரு சிவப்பு ரயிலையும் வைத்தேன். எனிமேஷன்ஸ் பகுதியில் 'எட் எனிமேஷன்' அழுத்தி, கடைசியில் இருக்கும் 'கஸ்டம் பாத்'தை எடுத்து, மௌஸை அழுத்தியபடி தண்டவாளத்தின் மேலேயே இழுத்தேன். முடிக்க டபுள் கிளிக். தொடக்கத்தில் பச்சை அம்பு, முடிவில் சிவப்பு அம்பு. கை நடுங்கிய இடமெல்லாம் ரயிலும் நடுங்கியது. பாதையில் ரைட் கிளிக் செய்து 'எடிட் பொயின்ட்ஸ்' போய், வேண்டாத புள்ளிகளை நீக்கியதும் வளைவு சீரானது. நேரம் 2 வினாடி என்று இருந்ததை 8 ஆக்கினேன்.

அப்புறம்தான் உண்மையான சிக்கல். ரயில் ஸ்டேஷனில் மேலே தெரிய வேண்டும், சுற்றி வந்ததும் ஸ்டேஷனுக்கு அடியில் மறைய வேண்டும். ஸ்லைடில் ஒரு படம் மற்றதற்கு மேலே இருக்கும், இல்லையென்றால் கீழே இருக்கும். ஓடும்போது நடுவில் மாறாது. இதில் இரண்டு இரவு போனது.

கடைசியில் ரயிலைக் கொப்பி பண்ணி இரண்டாக்கினேன். முதல் ரயில் ஸ்டேஷன் படத்துக்கு மேல், இரண்டாவது அதற்குக் கீழ். முதலாவது பாதி வளைவில் நின்று மறையும். அதே கணத்தில் அதே இடத்தில் இரண்டாவது தோன்றி மிச்சத் தூரத்தை ஓடும். முதல் பாதையின் சிவப்பு அம்பின் மேல் இரண்டாவது ரயிலின் நடுப்பகுதி சரியாக உட்கார வேண்டும், கொஞ்சம் விலகினாலும் ரயில் துள்ளும். அசைவுகளின் வரிசையைக் காட்டும் எனிமேஷன் பேனில், முதல் ரயிலின் 'டிஸப்பியர்' (மறைவது) ஆஃப்டர் ப்ரீவியஸ், அதாவது முந்தைய அசைவு முடிந்ததும்; இரண்டாவது ரயிலின் 'அப்பியர்' (தோன்றுவது) வித் ப்ரீவியஸ், அதாவது முந்தையதோடு சேர்ந்தே; இரண்டாவது பாதையும் வித் ப்ரீவியஸ். இன்னொன்று: ஒரே ரயிலுக்கு இரண்டாவது அசைவு கொடுக்கும்போது கட்டாயம் 'எட் எனிமேஷன்' வழியாகவே போங்கள். மேலே வரிசையாகத் தெரியும் படங்களில் ஒன்றைத் தொட்டால் முதலில் போட்ட அசைவு போய்விடும்.

அப்படியும் மாறும் இடத்தில் ரயில் தயங்கியது. பாதையின் எஃபெக்ட் ஒப்ஷன்ஸில் மெல்லத் தொடங்கி மெல்ல நிற்கச் செய்யும் 'ஸ்மூத் ஸ்டார்ட்', 'ஸ்மூத் எண்ட்' இரண்டையும் பூச்சியமாக்கினேன். தயக்கம் போனது.

வகுப்பில் மல்டிமீடியா புரொஜெக்டரில் போட்டபோது முதலில் ஒரு சத்தமும் இல்லை. ரயில் ஸ்டேஷனைக் கடந்து, மலையைச் சுற்றி இறங்கி, சுரங்கத்துக்குள் நுழைந்து, ஸ்டேஷனுக்கு அடியில் மறைந்து, மறுபக்கம் வெளியே வந்தது. "ஆ!" என்று மொத்த வகுப்பும். இந்தத் தண்டவாளம் 44 அடி தூரத்துக்கு ஓர் அடிக்கு மேல் சரியக் கூடாது, அதனால்தான் இந்தச் சுற்று என்று அப்போது சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டார்கள். கங்காணி (தோட்டத் தொழிலாளரை மேற்பார்ப்பவர்) ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் இந்த வளைவு போடும் யோசனை வந்தது என்று தாத்தா சொல்வாராம், ஒரு பையன் எழுந்து சொன்னான். எங்கள் பக்கம் எல்லோரும் சொல்லும் கதை.

கேள்வி கேட்டவள் முன்னால் வந்து தானே கிளிக் செய்து பார்த்தாள். "அப்போ பதுளையிலிருந்து வர்ற ரயில் டீச்சர்?"

எஃபெக்ட் ஒப்ஷன்ஸில் 'ரிவர்ஸ் பாத் டைரக்ஷன்' என்று ஒன்று இருக்கிறது. ஆனால் கீழ் ரயில் முதலில் ஓட வேண்டும், மேல் ரயில் பிறகு தோன்ற வேண்டும். வரிசை முழுவதையும் மாற்ற வேண்டும். இந்த வாரம் அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.