பிஎம்டபிள்யூ 2002: மறுபடியும் ட்யூனிங்

பல வருஷத்துக்கு முன்னால் மனசில்லாமல் விற்ற வண்டி. அதே மாடலில் வேறொன்று இப்போது கைக்கு வந்திருக்கிறது. 1968-ல் அறிமுகமான பிஎம்டபிள்யூ 2002. எனக்கு அன்றும் இன்றும் உயிர் அதன் எஞ்சின்தான்: அலெக்ஸ் ஃபான் ஃபால்கன்ஹவுசன் வடிவமைத்த எம்10, நாலு சிலிண்டர், 1990 சிசி. 1983-ல் நெல்சன் பிக்கே ஃபார்முலா 1 பட்டம் வென்ற வண்டியின் டர்போ எஞ்சினுக்கும் இந்த வார்ப்பிரும்பு பிளாக்தான் அடிப்படை. முன்பக்கமாகச் சாயும் அந்த பானட்டைத் திறக்கிறபோதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

பழைய வண்டியில் ஒற்றை சோலெக்ஸ் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்). இதில் முன்பு வைத்திருந்தவர் இரட்டை வெபர் 40 டிசிஓஇ மாட்டியிருக்கிறார். ஆனால் கார்புரேட்டரில் கை வைப்பது கடைசியில்தான். டேப்பெட்டும் (வால்வு இடைவெளி) டைமிங்கும் (பிளக் பொறி விடும் நேரம்) சரியில்லாமல், பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டை மாற்றுவது வீண் வேலை.

டேப்பெட் இடைவெளி, எஞ்சின் ஆறியிருக்கும்போது 0.15 முதல் 0.20 மி.மீ. வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கரின் முனையில் ஒரு சின்ன எக்சென்ட்ரிக், மையம் விலகிய வட்டு. அதன் துளையில் கம்பியை விட்டுத் திருப்பி, பிடித்தபடியே நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது அது துளி நகரும். அதனால் இறுக்கிய பிறகும், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தேன். லேசாகப் பிடித்து இழுத்தது. அந்தப் பிடிப்பை விரல் மறக்கவே இல்லை.

டைமிங்குக்கு ஃப்ளைவீலில் பதித்த எஃகு உருண்டைதான் அடையாளம். பொறிக்கு ஒரு முறை மின்னும் டைமிங் லைட்டை அடித்ததும், சுழல்கிற சக்கரத்தில் அது மட்டும் ஜன்னலுக்குள் அசையாமல் நிற்கும். பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை திருப்பினால் உருண்டை நகர்கிறது, சத்தமும் கூடவே மாறுகிறது. கம்ப்யூட்டர் வைத்த வண்டிகளில் நான் தேடித் தேடி ஏங்கியது இதைத்தான்.

அப்புறம் வெபர். காற்றோட்ட மீட்டரை ஒவ்வொரு வாயிலும் வைத்து இரண்டு கார்புரேட்டரையும் சமமாக்கிவிட்டு, மிக்சர் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக உள்ளே திருப்பினேன். எஞ்சின் தடுமாறும் இடத்திலிருந்து மெதுவாக வெளியே எடுத்தால், ஐட்லிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி ஓரிடத்தில் நிற்கும். அங்கேயே விட்டுவிடலாம். ஐட்லிங் அருமையாக வந்துவிட்டது. ஆனால் ஆக்சிலரேட்டரைப் பூப்போல மிதித்தால் ஒரு தயக்கம். முழுசாக மிதித்தால் இல்லை. அப்படியென்றால் அதிக மிதிப்புக்கான மெயின் ஜெட் வேலை செய்யத் தொடங்கும் முன்னால் பெட்ரோல் போதவில்லை. குறைந்த மிதிப்புக்கான ஐடில் ஜெட்டை 45-லிருந்து சற்றே பெரிய 50-க்கு மாற்றி, ஸ்க்ரூக்களை மறுபடி சரிசெய்தேன். தயக்கம் போயிற்று, மூன்றாவது கியரில் தடையில்லாமல் இழுக்கிறது. பிளக் நுனியும் வெளிர் பழுப்பு, கலவை சரி என்பதற்கு அடையாளம்.

வேகம் கூடும்போது டிஸ்ட்ரிபியூட்டர் எடைகள் டைமிங்கைச் சீராக முன்னே கொண்டுபோகின்றனவா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் பின்சக்கரங்களைத் தாங்கும் ஆர்ம்களின் ரப்பர் புஷ்கள்.