பெயர் யாருக்கு? திரைக்கதை கிரெடிட் முடிவாகும் விதம்

அமெரிக்கப் படங்களின் டைட்டிலில் இரண்டு எழுத்தாளர்களுக்கு நடுவே & குறி இருந்தால் அவர்கள் சேர்ந்து எழுதிய குழு. 'அண்ட்' என்று எழுத்தால் இருந்தால் தனித்தனியாக எழுதியவர்கள், பெரும்பாலும் ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தியிருப்பார். இந்த நுணுக்கத்தைக் கட்டிக்காப்பது ரைட்டர்ஸ் கில்ட் என்ற தொழிற்சங்கம்.

படம் முடிந்ததும் தயாரிப்பு நிறுவனம் உத்தேச கிரெடிட்டை, அதாவது திரையில் யார் பெயர் எப்படி வரும் என்பதை, எழுதியவர்கள் எல்லோருக்கும் அனுப்பியாக வேண்டும். யாராவது கெடுவுக்குள் ஆட்சேபித்தால் விவகாரம் நடுவர்களிடம் போகும். மூன்று பேர், மூவருமே எழுத்தாளர்கள். ஒருவர் யாரென்று மற்றவருக்குத் தெரியாது. எல்லா வரைவுகளையும் தேதி வரிசையில் தனித்தனியே படிக்கிறார்கள்.

ஒரிஜினல் திரைக்கதையில் பின்னால் வந்தவர் பெயர் பெற 50 சதவீதப் பங்களிப்பு தேவை. தழுவலில் 33 சதவீதத்துக்கு மேல். இதைப் பக்கத்தை எண்ணிக் கணக்கிடுவதில்லை. நாடகக் கட்டமைப்பு, புதிய காட்சிகள், பாத்திர வார்ப்பு, வசனம் ஆகிய நான்கையும் எடைபோடுகிறார்கள். வசனத்தை வரிக்கு வரி மாற்றியும் பெயர் கிடைக்காதவர்கள் உண்டு. கடுமைதான், ஆனால் முதலில் கதையைக் கண்டெடுத்தவருக்கு இதைவிட நல்ல அரண் இல்லை.

பலர் சறுக்குவது ஆவணத்தில். ஒவ்வொரு வரைவிலும் தேதி போடுங்கள், ஒப்படைத்த பிரதியைத் தனியாக வையுங்கள். நடுவர்களுக்கான விளக்கத்தில் மனக்குறையைக் கொட்டாமல், எந்தப் பக்கத்தில் உள்ள எந்தக் காட்சி உங்களுடையது என்று காட்டுங்கள். மறு ஒளிபரப்புத் தொகையும் இந்தப் பெயரைப் பொறுத்தே வரும்.