காரணம் சொல்லித் துதிப்பது – காரைக்குடி நாட்குறிப்பு

அக்டோபர் 5, ஞாயிறு

இன்று ஆராதனையில் வேதாகமத்தின் பாட்டுப் புத்தகமான சங்கீதத்திலிருந்து 117. மொத்தமே இரண்டு வசனம்தான், ஆயர் ஒன்று சபை ஒன்று என்று வாசித்து முடித்துவிட்டோம், ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அதுவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் வசனம் எல்லா ஜாதிகளையும், அதாவது எல்லா தேசத்து மக்களையும், துதிக்கக் கூப்பிடுகிறது. இரண்டாவது வசனம் ஏன் என்று சொல்கிறது: "அவர் நம்மேல் வைத்த கிருபை பெரியது." இத்தனை சின்னப் பாட்டிலும் காரணத்தை விட்டுவிடவில்லை பாருங்கள். ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று வேகமாக அடுக்கிக்கொண்டே போகும் ஜெபத்தில் எனக்கு மனசு ஒட்டுவதில்லை. எதற்காக என்று ஒன்றையாவது சொன்னால்தான் நிற்கிறது.

அக்டோபர் 8, புதன்

தீபாவளி ஆர்டர் குவிந்துவிட்டது. நான் பலகார வேலைக்குப் போகும் ஆச்சி வீட்டில், இரண்டாம் கட்டுப் பகுதியில், விடியற்காலையிலிருந்து தேன்குழல், சீப்புச் சீடை, அப்புறம் அதிரசத்துக்குப் பாகு. எண்ணெய் காயும்வரை வாய்க்குள் சங்கீதம் 103 சொல்வது என் வழக்கம். "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி, அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே." தாவீது ராஜா இங்கே தன் ஆத்துமாவிடம்தான் பேசுகிறார், அதற்கே ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. அடுத்து அவர் வரிசையாகச் சொல்கிறார், அக்கிரமங்களை மன்னித்தது, நோய்களைக் குணமாக்கியது, பிராணனை அழிவுக்கு விலக்கி மீட்டது என்று.

இன்று 136 சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது போல. "மாம்சதேகமுள்ள யாவுக்கும் ஆகாரங்கொடுக்கிறவரைத் துதியுங்கள்" என்ற இடத்தில் ஆச்சி, "ஏத்தா, அதை இன்னொரு தரம் சொல்லு" என்றார்கள். நெற்றி நிறையத் திருநீறு, பிள்ளையார்பட்டிக்குப் போகாமல் அவர்களுக்கு மாதம் கழியாது. சொன்னேன். "சமைக்கிற வீட்டுக்கு ஏத்த வரி" என்று சொல்லிவிட்டு மாவு பிசையப் போய்விட்டார்கள். எனக்கு இன்று முழுக்க சந்தோஷம்.

அக்டோபர் 11, சனி, ராத்திரி

அத்தைக்கு (என் வீட்டுக்காரரின் அம்மா) இன்று ரொம்பக் கஷ்டமான நாள். பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சு வரவில்லை, நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, பதில்தான் வராது. ஏதோ கேட்கப் பார்த்தார்கள், தண்ணீரா, போர்வையா, ஜன்னலைச் சாத்தவா என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டும் எதுவும் இல்லை. கடைசியில் அழுதுவிட்டார்கள். நானும்.

அதற்குப் பிறகு வேதத்தைத் திறந்தால் துதிக்க ஒரு காரணமும் கண்ணில் படவில்லை. 13-ஆம் சங்கீதம் எடுத்தேன், முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு தடவை "எதுவரைக்கும்" என்று கேட்கிறது. ஆனால் ஆறாம் வசனத்தில் "அவரைப் பாடுவேன்" என்று முடித்துவிடுகிறது, அந்த வேகத்துக்கு இன்று என்னால் வர முடியவில்லை. 88 தான் சரியாக இருந்தது. அதில் கடைசிவரைக்கும் விடிவதே இல்லை, சிநேகிதரும் தோழரும் தூரமாகிப் போனார்கள் என்று அப்படியே நின்றுவிடுகிறது. அதையும் எடுத்துப்போடாமல் துதியின் பாட்டுகளோடு சேர்த்தே வைத்திருக்கிறார்களே, அதற்காக இன்று கர்த்தருக்கு நன்றி சொன்னேன். பக்கத்தைத் திருப்பினால் 89, "கர்த்தரின் கிருபைகளை என்றென்றைக்கும் பாடுவேன்" என்று தொடங்குகிறது. இன்றைக்கு அதன் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டேன்.

அக்டோபர் 15, புதன்

பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் 113 முதல் 118 வரை பேசினோம். யூதர்கள் பஸ்கா பண்டிகையில் பாடுகிற சங்கீதங்கள் இவை. கடைசி இராப்போஜனம் முடிந்து இயேசுவும் சீஷர்களும் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டு ஒலிவமலைக்குப் போனார்கள் என்று மத்தேயு எழுதுகிறாரே, அந்தப் பாட்டு இவைதான் என்று பலரும் சொல்கிறார்கள். அப்படியானால் "இது கர்த்தர் உண்டுபண்ணின நாள்; இதிலே களிகூர்ந்து மகிழக்கடவோம்" என்ற 118-இன் வசனத்தை ஆண்டவர் தம்மைப் பிடித்துக் கொடுக்கப்போகிற ராத்திரியில் பாடியிருக்கிறார். பிறந்தநாள் அட்டையில் போடுகிற வசனம் என்றே இதுவரை நினைத்திருந்தோம் என்று ஒரு அக்கா சொன்னார், கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

ஆர்டர் எல்லாம் அனுப்பியாயிற்று, கால் வீங்கிக் கிடக்கிறது, ஆனாலும் இதை எழுதாமல் தூங்க முடியாது.

குடும்ப ஜெபத்தில் 136 வைத்தோம். மகள் முன்பாதியைப் படிக்க, நாங்கள் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று சேர்ந்து சொன்னோம். அந்தச் சங்கீதத்தில் 26 வசனம், இருபத்தாறிலும் அதே முடிவு. வானம், பூமி, சூரியன், சந்திரன் எல்லாம் தாண்டி, சிவந்த சமுத்திரம் பிளந்த இடத்துக்கு வந்தபோது இன்னொரு குரல் சேர்ந்தது. அத்தை. முதலில் "என்றுமுள்ளது" மட்டும், குழறலாக. பாசானின் ராஜாவாகிய ஓக் என்ற பெயர் வரும் வசனத்துக்கு வரும்போது முழு வரியும் வந்துவிட்டது. மகள் படிப்பதை நிறுத்தப் பார்த்தாள், நான் கண்ணைக் காட்டினேன், நிறுத்தாதே.

சொந்தமாக வார்த்தை வராதவர்களுக்கும் சின்ன வயதில் மனப்பாடமான பாட்டும் ஜெபமும் சில சமயம் வரும் என்று பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் முன்பே சொல்லியிருந்தார். ஜெபம் முடிந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு அத்தையால் வழக்கம்போல் தலையைத்தான் அசைக்க முடிந்தது. ஆனால் அந்தச் சங்கீதத்தில் காரணங்களைச் சொல்ல ஒருவர் போதும், மற்றவர்களுக்கு ஒரே ஒரு வரிதான், அந்த வரி எங்கள் அத்தையிடம் இருக்கிறது.

அக்டோபர் 23, வியாழன்

இப்போது எங்கள் வீட்டு 136 ஒன்று ஆரம்பித்திருக்கிறோம். "பக்கவாதம் வந்த அந்த ராத்திரி ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிற்கவைத்தவரைத் துதியுங்கள்" என்று மகள் சொன்னாள், அத்தை பதில் சொன்னார்கள். "அப்பத்தாவின் வலது கையைத் திரும்பத் தூக்கவைத்தவரை" என்றாள், அதற்கும் பதில் வந்தது. என் வீட்டுக்காரர் தன் பங்குக்கு மழையைச் சொன்னார். நான் ஆச்சி வீட்டு வேலையைச் சொன்னேன்.

நாளைக்கு 107 வாசிக்கலாம் என்று இருக்கிறேன். அதிலும் கர்த்தருடைய கிருபையினிமித்தம் அவரைத் துதிப்பார்களாக என்று நான்கு தடவை ஒரே வசனம் திரும்ப வரும். அத்தைக்கு அது நீளம்தான், முதல் பாதியை மட்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும்.